நாலு கோட்டுக் காசுகள்

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நான் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தேன். உனக்குக் காய்ச்சல் முழுவதும் விட்டுவிட்டதா? மருந்தை நிறுத்திவிடாதே. ஐந்து நாள் என்று சீட்டில் எழுதியிருந்ததை நான் பார்த்தேன். மூன்றாம் நாளே நீ மாத்திரைகளை அகராதிக்குள் ஒளித்து வைத்ததையும் பார்த்தேன்.

அம்மா கதவைத் திறந்ததுமே, "மூணு வாரத்துல இப்படி இளைச்சிட்டியே, உங்க அக்கா உனக்குச் சாப்பாடு போட்டாளா, புத்தகத்தைப் போட்டாளா?" என்று கேட்டாள். அப்பா செய்தித்தாளை இறக்காமலே, "அவளுக்கு ரெண்டும் ஒண்ணுதானே" என்றார்.

சாப்பிடும்போது உன் ஆராய்ச்சியை நானே விளக்கினேன். வெண்கலம் என்றால் செம்பும் வெள்ளீயமும். இரண்டும் விலை கூடியவை. அந்தக் காலத்து ராஜா ஒருவர் அவற்றைக் குறைத்து, மலிவான காரீயத்தைக் கலந்து காசு அடிக்க ஆரம்பித்தார். அவர் மகன் இன்னும் கொஞ்சம் கலந்தார், பேரன் அதற்கும் மேல். ஆனால் காசின் மேல் இருக்கும் நாலு கோடு, அதாவது 'இதன் மதிப்பு நாலு' என்ற அடையாளம், மூன்று தலைமுறையும் மாறவே இல்லை.

"அப்ப மூணு பேருமே திருட்டுப் பசங்களா?" என்றார் அப்பா.

"அப்படி அவசரப்பட்டுச் சொல்லக்கூடாதுன்னு அக்கா சொல்லியிருக்கா. போர் வந்திருக்கலாம், செம்பு கிடைக்காம போயிருக்கலாம். எல்லாரும் நாலுன்னு ஒத்துக்கிட்டா அது நாலுதான்" என்றேன்.

"ஒத்துக்கலைன்னா?" என்று அம்மா கேட்டாள்.

அக்கா, அதுதானே உன் கேள்வியே! நீ மூன்று வருடமாகக் கேட்பதை அம்மா ஒரே வார்த்தையில் கேட்டுவிட்டாள்.

பிறகு உண்டியலைப் பற்றிச் சொன்னேன். யாரோ ஒருவர் பல வருடங்கள் ஒவ்வொன்றாகக் காசு போட்டு வந்த மண் உண்டியல். அடியில் இருப்பது முதலில் போட்டது, மேலே இருப்பது கடைசியில் போட்டது. அவர் ராஜாவின் நாலு கோட்டை நம்பியிருந்தால் கைக்கு வந்ததையெல்லாம் உள்ளே போட்டிருப்பார். அடியில் நல்ல காசும் மேலே மட்டமான காசும் இருக்கும். நம்பாதவர் என்றால் நல்ல காசாகப் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டு, மட்டமானதைக் கடைத்தெருவில் தள்ளிவிட்டிருப்பார். அதனால் வரிசைதான் எல்லாம் என்றும், அதற்காகத்தான் நீ நூற்று அறுபத்தெட்டு காசுகளையும் அடியிலிருந்து எண் போட்டுத் தனித்தனி உறையில் வைத்திருக்கிறாய் என்றும் சொன்னேன். அப்பா செய்தித்தாளை இறக்கிவிட்டார்.

நீ படுத்திருந்த நான்கு நாட்களில் நான் அருங்காட்சியகக் காப்பறையில் செய்த வேலை சரியாக இருக்கிறதா? எடை மட்டும் போடச் சொன்னாய். உறைகள் கிழிந்து அழுக்காக இருந்ததால் நானாகவே புது உறைகளுக்கு மாற்றினேன். எண்களை என் நல்ல கையெழுத்தில் எழுதியிருக்கிறேன்.

அக்கா, மழை பெய்த அன்று மத்தியானம்

ஒன்றுமில்லை. நேரில் பார்க்கும்போது சொல்கிறேன்.

உன் எறும்பு

ஜூன் 13

எறும்பே,

அகராதி விஷயம் உண்மை. 'ம' வரிசையில்தான் வைத்திருந்தேன், 'மாத்திரை' என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே. ஆராய்ச்சியாளர் எதையும் அதன் இடத்தில் வைக்க வேண்டும்.

இப்போது உட்கார்ந்துகொள். நேற்று உன் எடைகளை வரைபடமாகப் போட்டேன். ஒன்றாம் எண் உறையில் ஆறு புள்ளி ஒன்பது கிராம். கடைசி உறையில் இரண்டு புள்ளி எட்டு. நடுவில் படிக்கட்டு மாதிரி இறங்கிக்கொண்டே போகிறது! அங்கங்கே சின்னத் தடுமாற்றம், பத்துக்கு ஒன்று. அந்தத் தடுமாற்றம்தான் எனக்கு இன்னும் பிடித்தது. வழுவழுவென்று இறங்கியிருந்தால் நானே சந்தேகப்பட்டிருப்பேன்.

அதாவது, அந்த உண்டியல்காரர் நம்பியிருக்கிறார். காசு கையில் இலேசாகிக்கொண்டே வந்தது அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? ஆனாலும் நாலு கோட்டைப் பார்த்தார், போட்டார். நான் மூன்று வருடமாக ஊகித்ததை உன் தராசு நான்கு நாளில் சொல்லிவிட்டது.

என் பேராசிரியர் வரைபடத்தைப் பார்த்து, "இந்தப் பல்லெல்லாம் இத்தனை நாள் எங்கம்மா வச்சிருந்தே? இன்னிக்குத்தான் பார்க்கிறேன்" என்றார். நான் அவ்வளவு சிரித்தேனாம். சாவி மாமா காப்பறைச் சாவிக்கொத்தை ஆட்டி ஆட்டி, "எல்லாம் அந்தப் பொண்ணு கால் வச்ச நேரம்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறார். "அது தொப்பியை விட்டுட்டுப் போயிடுச்சு" என்று உன் மழைத் தொப்பியைத் தன் மேசை ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார்.

ஒரே ஒரு குட்டு உண்டு. பழைய உறைகளை ஏனடி குப்பையில் போட்டாய்? அவற்றில் மண் துகள் இருந்தது. கேட்டுவிட்டுச் செய்திருக்கலாம். போகட்டும், எறும்புக்குச் சுத்தம் அதிகம்.

ஆகஸ்ட் பத்தாம் தேதி கருத்தரங்கில் இதை வாசிக்கப்போகிறேன். நன்றியுரையில் உன் பெயர் முதலில் வரும்.

அக்கா

ஜூன் 22

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை அம்மா சத்தமாக வாசித்தாள். வாசித்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு போனாள். அப்பா சாயங்காலம் எனக்கு ஒரு புதுப் பேனா வாங்கி வந்தார். இந்தக் கடிதத்தை அதில் எழுதவில்லை.

நன்றியுரையில் என் பெயர் வேண்டாம். அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, உண்மையாகவே வேண்டாம்.

எனக்கு ஒரு சந்தேகம். பொதுவான சந்தேகம்தான். நூற்று அறுபத்தெட்டு காசுகளில் ஒன்றிரண்டு தவறான உறைக்குள் போயிருந்தால் உன் முடிவு மாறுமா? சில காசுகள் மாறியிருந்தால்? எத்தனை காசு வரை மாறலாம்? எங்கள் கணக்கு ஆசிரியை எந்த அளவுக்கும் பிழை வரம்பு உண்டு என்று சொன்னார். அதனால் கேட்கிறேன்.

சாவி மாமாவிடம் தொப்பியைப் பூட்டி வைக்கச் சொல். ஆணியில் மாட்ட வேண்டாம்.

எறும்பு

ஜூலை 5

எறும்பே,

நல்ல கேள்வி. ஒன்றிரண்டு மாறினால் ஒன்றும் ஆகாது. பத்து மாறினால் தலைவலி. எல்லாம் மாறினால் நான் படிப்பது உண்டியலை அல்ல, என் கற்பனையை. அப்படியெல்லாம் நடக்காது என்பதற்காகத்தான் பதினோரு நாள் மண்டியிட்டு ஒரு தேக்கரண்டியால் அவற்றை எடுத்தேன். உனக்கு நான் அதைச் சொன்னதில்லை. உண்டியலைப் பக்கவாட்டில் அறுத்து, ஒரு காசு, ஒரு உறை, ஒரு எண். பச்சைக் களிம்பு பிடித்து எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. முத்திரை தெரியவில்லை. ஒன்றை ஒன்றிடமிருந்து பிரித்துக் காட்டியது அது கிடந்த இடம் மட்டும்தான். ஏழாம் நாள் முழங்கால் வீங்கிவிட்டது. சாவி மாமா தன் நாற்காலி மெத்தையைக் கொண்டுவந்து போட்டார்.

டிசம்பரோடு என் ஆய்வுக்காலம் முடிகிறது. நீட்டிப்பு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். இந்த வரைபடம் மட்டும் வராமல் இருந்திருந்தால் மூட்டை கட்டிக்கொண்டு வந்து அப்பாவின் செய்தித்தாளுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பேன்.

காசுகளைச் சுத்தம் செய்து உலோகம் சோதிக்க ஆய்வகத்துக்கு முதலில் ஆறு அனுப்பியிருக்கிறேன். அங்கே இருப்பவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் அமிலம். அவர் கையில் இருப்பதும் அதுதான், வாயில் இருப்பதும் அதுதான்.

அதென்ன, உன் கடிதம் இந்தத் தடவை ஒரு பக்கத்துக்குமேல் போகவில்லை? பரீட்சையா?

அக்கா

ஜூலை 19

அன்புள்ள அக்காவுக்கு,

பரீட்சைதான்.

உனக்கு நான்கு கடிதம் எழுதினேன். இது ஐந்தாவது. இதைத்தான் அனுப்புகிறேன்.

கருத்தரங்கு நன்றாக நடக்கட்டும். அமிலம் சொல்வதைக் கேட்டுவிட்டு வாசித்தால் நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. அவசரப்பட வேண்டாம்.

எறும்பு

ஆகஸ்ட் 16

எறும்புக்கு,

வீட்டுத் தொலைபேசியில் பேசினால் எல்லோரும் கூடத்தில் இருப்பார்கள் என்பதால் எழுதுகிறேன்.

கருத்தரங்கில் வாசித்தேன். கைதட்டினார்கள். கேள்வி நேரத்தில் அமிலம் எழுந்தார். ஆறு காசுகளும் அன்று காலையில்தான் சுத்தமாகி வந்தன என்று சொல்லி, படங்களைத் திரையில் போட்டார். ஒன்பதாம் உறைக் காசில் கப்பல் முத்திரை, அதற்கு மேல் ஒரு நட்சத்திரம். நட்சத்திரம் போட்டது பேரன் ராஜா. நூற்று ஐம்பதாம் உறைக் காசில் நட்சத்திரம் இல்லை, அது தாத்தாவின் காசு. அதாவது, பேரன் அடித்த காசை அடியில் போட்டுவிட்டு, அறுபது வருடம் பின்னால் போய்த் தாத்தாவின் காசை மேலே போட்டிருக்கிறார் என் உண்டியல்காரர்.

"உங்க உண்டியல் தலைகீழா நிக்குதாம்மா?" என்று கேட்டார். அரங்கம் சிரித்தது. நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது. பிறகு அவர் சிரிக்காமல் சொன்னார்: "தலைகீழாக்கூட இல்ல. கலைஞ்சு கிடக்கு. கலைஞ்ச காசுல இவ்வளவு அழகான படிக்கட்டு எப்படி வந்துச்சுன்னுதான் எனக்குப் புரியல."

எல்லோருக்கும் புரிந்தது. நான் எடைகளைப் புனைந்துவிட்டேன் என்று. விசாரணைக்குழு போட்டிருக்கிறார்கள்.

முந்தாநாள் சாவி மாமா தானாகவே குழுவின் முன் போய், மழை பெய்த அன்று ஜன்னலோரம் இருந்த மேசையைத் தான் இழுத்ததாகவும், காசுகள் சரிந்துவிட்டதாகவும், தப்பு தன்னுடையதுதான் என்றும் சொல்லியிருக்கிறார். அவரிடமிருந்து சாவியை வாங்கிவிட்டார்கள். ஊருக்கு வெளியே உடைந்த நாற்காலிகள் போட்டு வைக்கும் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். ஓய்வு பெற அவருக்கு இன்னும் பதினான்கு மாதம்.

அன்று நீ அங்கே இருந்தாய். மேசை சரிந்ததா? சரிந்தது என்றால், வரிசையாக வைத்தது யார்?

அக்கா

ஆகஸ்ட் 21

அக்கா,

நான்தான்.

நடந்தது நடந்தபடி எழுதுகிறேன். பழைய உறைகளிலிருந்து காசுகளை எல்லாம் எடுத்துப் பெரிய மேசையில் பரப்பினேன். வரிசைக்குப் பன்னிரண்டு, பதினான்கு வரிசை. முதலில் எல்லாப் புது உறைகளிலும் எண் எழுதிவிட்டு, பிறகு எடைபோட்டு உள்ளே வைக்கலாம் என்று நினைத்தேன். அப்படிச் செய்தால் கையெழுத்து ஒரே சீராக வரும். அதற்காகத்தான், அக்கா. கையெழுத்துக்காக.

மழை ஜன்னல் வழியாக அடித்தது. சாவி மாமா ஓடி வந்து, "கண்ணு, காகிதமெல்லாம் நனையுது, நகரு" என்று மேசையை இழுத்தார். மேசையின் கால் உடைந்த தரைக்கல்லில் மாட்டிச் சாய்ந்தது. காசுகள் ஒரு மூலைக்குச் சரிந்து குவிந்தன. பாதி தரையில் விழுந்தன. மாமா அப்படியே நின்றுவிட்டார்.

"ஐயையோ, வரிசை போச்சா?" என்றார்.

நான், "இல்ல மாமா, எனக்கு மனப்பாடம்" என்றேன்.

"நிஜமாவா கண்ணு? நூத்தி அறுபத்தெட்டுமா?"

"நிஜமா மாமா."

அவர் உடனே நம்பிவிட்டார். "ஒரு தடவை பார்த்தா அந்தப் பொண்ணுக்கு மறக்காதுன்னு உங்க அக்கா சொல்லும்" என்றார். நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டார். எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தார். நானும் குடித்தேன்.

எனக்கு ஒரு காசின் இடமும் தெரியாது. எல்லாம் பச்சையாக ஒரே மாதிரி இருந்தன. அப்போது நீ சொன்னது நினைவுக்கு வந்தது: பழைய காசு கனம், புதுக் காசு இலேசு. அப்படியானால் எடை போட்டு, கனமானதை ஒன்றாம் உறையில் வைத்து இறங்கிக்கொண்டே போனால், பழைய வரிசைக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். உன் ஊகம் சரியாகத்தான் இருக்கும் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால் நான் செய்தது பொய் இல்லை, சீக்கிரம் போய்ச் சேருவது என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை எழுதத்தான் நான்கு கடிதங்களைக் கிழித்தேன். எல்லாம் முடிந்து எடைகளை வாசித்துப் பார்த்தபோது மிகவும் நேராக இருந்தது. நம்பமாட்டார்கள் என்று தோன்றியது. அதனால் பத்துக்கு ஒன்று எடுத்து இடம் மாற்றி வைத்தேன். உனக்குப் பிடித்த தடுமாற்றம் அதுதான்.

சாவி மாமா மேல் எந்தத் தப்பும் இல்லை. தயவுசெய்து அவர்களிடம் சொல்லிவிடு.

எறும்பு

செப்டம்பர் 12

அக்கா,

மூன்று வாரம் ஆகிறது. நீ எழுதவில்லை. தொலைபேசியில் அம்மாவிடம் மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுகிறாய். உன் கோபம் சரிதான். நான் தெரிவிக்க வேண்டிய சில விஷயங்களை மட்டும் எழுதுகிறேன்.

அம்மாவிடமும் அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். அம்மா பக்கத்து வீட்டுக்குப் போய் உன் ஜூன் மாதக் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தாள்.

அருங்காட்சியக இயக்குநருக்கு நான் ஒரு கடிதம் எழுதினேன். அப்பா அதைப் படித்துவிட்டு, "இதை அனுப்பினா உங்க அக்காவுக்குத்தான் இன்னும் அசிங்கம். சின்னப் பிள்ளையை உள்ள விட்டது யாருன்னு கேப்பாங்க" என்றார். அம்மா, "அந்த மனுஷன் கிடங்குல உக்காந்திருக்கானே, அவனுக்கு அசிங்கம் இல்லையா? போடுடி" என்றாள். நானே தபால் நிலையத்துக்குப் போய்ப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

பதில் வந்திருக்கிறது. 'தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது. கோப்பில் சேர்க்கப்பட்டது.' அவ்வளவுதான். திட்டுவார்கள் என்று நான் எதிர்பார்த்தேன்.

பள்ளியில் வினாடிவினாப் போட்டிக்கு என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன். ஆசிரியை, "உனக்குத்தான் எல்லாம் மனப்பாடம் ஆச்சே" என்றார்.

நீ சாப்பிடுகிறாயா?

எறும்பு

அக்டோபர் 9

எறும்புக்கு,

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம், எழுதினால் என்ன எழுதுவேன் என்று எனக்கே பயமாக இருந்தது.

முதலில் செய்திகள். உன் கடிதத்தால் குழு என்னைப் புனைவுக் குற்றத்திலிருந்து விடுவித்துவிட்டது. கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறார்கள். அது உண்மைதான். ஆய்வேட்டில் இரண்டு இயல்கள் போய்விட்டன. மிச்சம் இருப்பது முன்னுரையும் நூற்பட்டியலும். டிசம்பருக்குள் முடியாது. பேராசிரியர் வேறு வேலை பார்த்துச் சொல்கிறேன் என்றார். இப்போது அவருக்கு என் பல் தெரிவதில்லை.

அமிலம் எல்லாக் காசுகளையும் சோதித்து முடித்துவிட்டார். நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் சொல்கிறேன். கனமான காசு நல்ல காசு என்று நீ நினைத்தாய். காரீயம் செம்பைவிடக் கனம். பேரன் ராஜாவின் காசுகளில் சில தாத்தாவின் காசைவிடக் கனமாக இருக்கின்றன. செம்பு போன இடத்தைக் காரீயம் நிரப்பியிருக்கிறது. ஏமாற்றுகிறவர்கள் முதலில் எடையைத்தான் சரிசெய்வார்கள் என்று அமிலம் சொன்னார். ஆகவே என் ஊகமே பாதி தப்பு. நான்தான் உனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தேன். நீ போட்ட படிக்கட்டு நான் ஆசைப்பட்ட மாதிரியே இருந்ததால் நான் ஒரு காசைக்கூடத் திரும்ப எடை போடவில்லை. ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை. உன்னைத் திட்ட ஆரம்பிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பழமொழி வந்து தொலைகிறது.

ஆனாலும் திட்டத்தான் போகிறேன். மேசை சரிந்தது யாருக்கும் நடக்கலாம். பயந்ததும் நடக்கலாம். ஆனால் அன்று மாலை நீ அறைக்கு வந்து என் கட்டிலில் உட்கார்ந்து நெற்றியில் ஈரத்துணி போட்டாய். "வேலை எப்படிப் போச்சு?" என்று கேட்டேன். "நல்லா போச்சுக்கா" என்றாய். அப்போது சொல்லியிருந்தால் பழைய உறைகள் குப்பைக்கூடையிலேயே இருந்திருக்கும். ஒவ்வொரு உறைக்குள்ளும் அந்தந்தக் காசு பதிந்த பச்சைத் தடம் இருந்தது. ஓரத்து உடைவு, மேடு பள்ளம், எல்லாம். காசையும் தடத்தையும் பொருத்திப் பார்த்துப் பாதியையாவது மீட்டிருப்பேன். மறுநாள் காலை எட்டு மணிக்குக் கூடையைக் கொட்டிவிட்டார்கள். நீ வாயைத் திறக்க உனக்கு ஒரு ராத்திரி முழுவதும் இருந்தது.

சாவி மாமாவைப் போய்ப் பார்த்தேன். கிடங்கில் கால் உடைந்த நாற்காலிகளுக்கு நடுவில், முழுசாக இருக்கும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவரை மறுபடி காப்பறைக்கு அழைத்து ஆணை வந்துவிட்டது, நான்தான் கையில் எடுத்துப்போனேன். அவர் வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"வேணாம்மா" என்றார்.

"மாமா, தப்பு உங்களுது இல்லைன்னு எழுதியே கொடுத்துட்டாங்க."

"தெரியும்மா. முப்பத்தோரு வருஷம் அந்த அறையில இருந்தேன். யாராவது உள்ள வந்து எடுத்த பொருளைத் திரும்ப வச்சிட்டேன்னு சொன்னா, சரின்னு பூட்டுவேன். இப்ப யாரு என்ன சொன்னாலும் பின்னாடியே போய் எண்ணிப் பார்க்கணும்னு தோணுது. கிழவியா இருந்தாலும் சரி, குழந்தையா இருந்தாலும் சரி. அந்தப் புத்தியை வச்சுக்கிட்டு அங்க உக்கார முடியாதும்மா."

உன்னைப் பற்றிக் கேட்டார். "அது அழுதுச்சா?" என்றார். எனக்குத் தெரியவில்லை என்றேன். "அன்னிக்கு அழுதிருந்தா தெரிஞ்சிருக்குமே" என்றார். உன் தொப்பியைப் பற்றிப் பேசவில்லை.

இப்போது உன்னால் ஆகவேண்டியது ஒன்று இருக்கிறது. காசுகள் காப்பறைக்கே திரும்பி வந்துவிட்டன. அதே பெட்டி, உன் கையெழுத்து போட்ட அதே உறைகள். இன்னும் இருபது வருடம் கழித்து யாரோ ஒருவர் அதைத் திறப்பார். அவ்வளவு தெளிவான எண்களைப் பார்த்தால் நம்பாமல் என்ன செய்வார்? பெட்டிக்குள் ஒரு குறிப்பு இருக்க வேண்டும். நான் எழுதலாம், ஆனால் எழுதமாட்டேன். உறைகளில் இருக்கும் அதே கையெழுத்தில் இருந்தால்தான் அவர் நம்புவார். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். அழுகை வேண்டாம். மன்னிப்பு என்ற சொல் வேண்டாம், பெட்டியைத் திறப்பவருக்கு அது பயன்படாது.

விடுமுறைக்கு நான் வீட்டுக்கு வரவில்லை. அம்மாவிடம் வேலை என்று சொல்லியிருக்கிறேன். எழுதத் தோன்றும்போது எழுதுகிறேன்.

அக்கா

அக்டோபர் 20

அக்கா,

குறிப்பு இதனுடன் இருக்கிறது. ஒன்பது தடவை எழுதினேன். முதல் ஆறில் நான் நல்லவள் என்று எங்கேயாவது ஓர் இடத்தில் வந்துவிட்டது. அம்மா கண்டுபிடித்துக் காட்டினாள். பிறகுதான் எனக்கும் தெரிந்தது. இதில் வரவில்லை என்று நினைக்கிறேன். வந்திருந்தால் அடித்துவிடு.

எறும்பு

பெட்டியைத் திறப்பவருக்கு,

இதில் நூற்று அறுபத்தெட்டு வெண்கலக் காசுகள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் நாலு கோடு இருக்கிறது.

உறைகளின் மேல் ஒன்று முதல் நூற்று அறுபத்தெட்டு வரை எண்கள் எழுதப்பட்டுள்ளன. அவற்றை நம்ப வேண்டாம். அவை காசுகள் உண்டியலில் கிடந்த வரிசை அல்ல. நான் எடையைப் பார்த்து வைத்த வரிசை. சில இடங்களில், உண்மைபோலத் தோன்றுவதற்காக, அந்த வரிசையையும் மாற்றி வைத்தேன்.

எடைகள் சரியானவை. ஒவ்வொரு காசையும் இரண்டு முறை எடை போட்டேன்.

உண்மையான வரிசையை என் அக்கா பதினோரு நாள் வேலை செய்து காப்பாற்றி வைத்திருந்தார். காசுகள் மேசையிலிருந்து சரிந்தபோது அது கலைந்தது. காப்பறைப் பொறுப்பாளர் என்னிடம் கேட்டார். எனக்கு வரிசை தெரியும் என்று சொன்னேன். தெரியாது.

இந்தக் காசுகளைச் சேர்த்தவர் நாலு கோட்டை நம்பினாரா, நம்பவில்லையா என்பதை இனிக் கண்டுபிடிக்க முடியாது. நீங்கள் முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஆய்வாளரின் தங்கை,
ஒன்பதாம் வகுப்பு